போன் களவு போனது, தவணை போகவில்லை: ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கில் எங்கள் ஊர்க் கோயிலில் அன்று சப்பறத் திருவிழா. இடுப்பில் சால்வையை இறுக்கிக் கட்டி, அதற்குள் போனைச் செருகிக்கொண்டு கைகூப்பி நின்றேன். சப்பறம் அசைந்ததும் சனம் ஒரு தள்ளுத் தள்ளியது. இரண்டு நிமிடம் இருக்காது. சால்வை இருந்தது, போன் இல்லை.

போனின் விலை 144,000 ரூபா. பன்னிரண்டு மாதத் தவணை, மாதம் 12,000. நாலு மாதம் கட்டியிருந்தேன். மறுநாள் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, கவுண்டரில் இருந்த பிள்ளை உண்மையாகவே முகம் வாடித்தான் கேட்டது. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னது: "அண்ணை, போன் போனது கவலைதான். ஆனா பத்தாம் திகதித் தவணையை மட்டும் விட்டிடாதேங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. கையில் இல்லாத பொருளுக்கு இன்னும் 96,000 ரூபா கட்டு என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் வீட்டுக்கு வந்து ஒப்பந்தத் தாளை எடுத்து வாசித்தபோது அந்தப் பிள்ளை சொன்னது சரி என்று தெரிந்தது. அது சொல்லாத சில விஷயங்களும் இருந்தன. அடுத்த எட்டு மாதம் அலைந்து அறிந்ததைக் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

சிம்மை நிறுத்துவதுதான் முதல் வேலை. போனைத் தேடிக்கொண்டு சனத்துக்குள் அலைவது இரண்டாம் பட்சம். பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது போனை வாங்கி, உங்கள் இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எடுங்கள். அவருடைய சிம்மும் அதே நிறுவனமென்றால் குறுகிய இலக்கம் போதும். வேறு நிறுவனமென்றால் முழு இலக்கம் வேண்டும். அந்த முழு இலக்கத்தை இப்போதே ஒரு துண்டில் எழுதிப் பேர்ஸுக்குள் வையுங்கள். என்னிடம் அது போனுக்குள்தான் இருந்தது.

பேசும்போது மூன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: இணைப்பு நிறுத்தப்பட்ட நேரம், முறைப்பாட்டு இலக்கம், பேசியவரின் பெயர். பில் கட்டும் இணைப்பென்றால் இது மிக முக்கியம். நீங்கள் அறிவிக்கும்வரை ஏறும் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். வெளிநாட்டு அழைப்பு, பில்லோடு சேர்த்து வாங்கும் சேவைகள் எல்லாம் அதில் அடக்கம். அறிவித்த பிறகு ஏறியதற்கு நீங்கள் மறுப்புச் சொல்லலாம். அதற்குக் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த நேரக் குறிப்பு.

அடுத்தது வங்கி. வங்கிச் செயலி போனில் இருந்தால் வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு எடுத்து அதை முடக்கச் சொல்லுங்கள். கள்ளனுக்கு உங்கள் கடவுச்சொல் தெரிய வேண்டியதில்லை. சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு அவன் கைக்கு வந்துவிடும். சிம்முக்கு PIN என்ற பூட்டு இலக்கம் போட்டு வைத்தவர்கள் இந்த இடத்தில் தப்பினார்கள்.

பிறகு வேறொரு போனில் அல்லது கணினியில் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்குக்குள் போய், தொலைந்த போனைப் பூட்டும் வசதியைப் போடுங்கள். வேண்டுமானால் உள்ளிருப்பதை அழிக்கலாம். ஆனால் கணக்கில் இருந்து அந்தப் போனை நீக்க மட்டும் வேண்டாம். நீக்கினால் பூட்டும் கழன்றுவிடும், கள்ளன் அதைப் புதுப் போன்போல விற்கலாம். "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று சில நாள் கழித்து ஒரு செய்தி வரக்கூடும். அது கடவுச்சொல்லைப் பிடுங்க விரிக்கும் வலை. போனைத் தொலைத்த ஏக்கத்தில் நல்ல விவரமானவர்களும் அதை அழுத்திவிடுகிறார்கள்.

பொலிஸில் சொல்லும் ஒரு சொல்

நான் விட்ட பெரிய பிழை இங்கேதான். "என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். நாங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி "போன் துலைஞ்சு போச்சு ஐயா" என்றேன். அப்படியே எழுதினார்கள், நானும் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் காப்புறுதிக்குப் போனால், "தொலைந்ததற்கு இல்லை, களவுக்குத்தான் தருவோம்" என்று தாளைத் திருப்பித் தந்தார்கள். திரும்பப் பொலிஸுக்குப் போய், நடந்ததை விளக்கி மேலதிக வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குள் காப்புறுதியின் காலக்கெடு முடிந்துவிட்டது.

ஆகவே களவென்றால் களவு என்றே சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பையில் அல்லது மடியில் இருந்தது, எப்போது கடைசியாகத் தொட்டீர்கள், எப்படி எடுபட்டது என்று ஒழுங்காகச் சொல்லுங்கள். பஸ்ஸில் என்றால் எந்த இலக்க பஸ், எங்கே ஏறினீர்கள், எங்கே கண்டுபிடித்தீர்கள் என்பதும் வேண்டும். 750இல் பருத்தித்துறையில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கியபோதுதான் தெரிந்தது என்றால் அப்படியே சொல்லலாம். களவு நடந்த இடம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறதோ அங்கே போவது அலைச்சலைக் குறைக்கும். மறுபக்கம், உண்மையிலேயே எங்கேயோ வைத்து மறந்திருந்தால் களவென்று சொல்லக்கூடாது. பொய் முறைப்பாடு வேறு வழக்கு.

வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள், வாசிக்க முடியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, போன் வாங்கிய பில், போன் பெட்டி. பெட்டியில் ஐ.எம்.இ.ஐ. என்று, அந்தப் போனுக்கே உரிய அடையாளமாக 15 இலக்கங்கள் இருக்கும். இரண்டு சிம் போடும் போனென்றால் இரண்டு தொகுதி. பெட்டி இல்லாவிட்டால் கூகுள், ஆப்பிள் கணக்குகளில் போனின் விபரத்தோடு அந்த இலக்கம் இருக்கும், தவணை ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இதை வாசிக்கும் உங்களிடம் போன் இன்னும் இருக்கிறதென்றால் *#06# அழுத்தி, வரும் இலக்கத்தை அடையாள அட்டைப் பிரதியின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

முறைப்பாட்டின் பிரதியை ஒன்றுக்கு மூன்றாக எடுங்கள். களவுபோன போன்களுக்காகப் பொலிஸ் திணைக்களம் நடத்தும் "ஐ நீட்" இணையத்தளத்திலும் விபரத்தைப் பதியலாம். ஐ.எம்.இ.ஐ. இலக்கம் கைக்கு வந்தால்தான், அந்தப் போனில் வேறொரு சிம் ஏறும்போது கண்டுபிடிக்க ஒரு வழி பிறக்கும்.

மூன்று முடிச்சு

"போன் ஒப்பந்தம்" என்று நாங்கள் ஒரே சொல்லில் சொன்னாலும், அதற்குள் மூன்று வேறு உடன்பாடுகள் இருக்கக்கூடும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கடையோடு சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

முதல் முடிச்சு இணைப்பு. சிம், இலக்கம், மாத வாடகை, டேட்டா எல்லாம் இதற்குள். போன் களவு போனாலும் நிறுவனம் இந்தச் சேவையைத் தரத் தயாராகவே இருக்கிறது. அதனால்தான் "கருவி உங்களிடம் இல்லாதது எங்கள் பொறுப்பு அல்ல" என்று சொல்ல முடிகிறது. அடையாள அட்டையோடு போனால் அதே இலக்கத்தில் புதுச் சிம் தருவார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேரின் சிம் அப்பாவின் பெயரிலோ, வெளிநாடு போன தம்பியின் பெயரிலோ கிடக்கும். பெயருக்குரியவர் வராமல் சிம் தர மாட்டார்கள். இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைக் களவு போகமுன் பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

ஒப்பந்தக் காலம் முடியாத இணைப்பென்றால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதை வீணாக்க வேண்டாம். ஒரு பட்டன் போன் வாங்கிப் புதுச் சிம்மைப் போட்டால் அழைப்பாவது மிஞ்சும். கூடவே குறைந்த வாடகைத் திட்டத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். போனே இல்லாதவனுக்கு மாதம் ஐம்பது ஜிபி எதற்கு? தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாமா, அந்தக் காலத்தில் வாடகை ஏறுமா, நிறுத்தி வைத்த மாதங்கள் ஒப்பந்தக் காலத்தின் கடைசியில் சேருமா என்பதையும் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பிறகு ஒப்பந்தம் முடிந்தது என்று நினைத்திருக்கும் மாதத்தில் பில் வரும்.

இரண்டாவது முடிச்சு போனின் விலை. உண்மையில் இறுக்குவது இதுதான். இது யாரோடு போட்ட முடிச்சு என்பதைப் பொறுத்து அவிழ்க்கும் விதம் மாறும்.

கடையோடு நேரடியாகத் தவணை போட்டிருந்தால் அது பெரும்பாலும் வாடகைக் கொள்வனவு. கடைசித் தவணை கட்டும்வரை போன் சட்டப்படி கடையின் பொருள், நீங்கள் பாவிப்பவர். "அவர்களுடைய பொருள்தானே போனது, நட்டம் அவர்களுக்குத்தானே?" என்று நானும் நினைத்தேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி அதை அடைத்துவிட்டது: இழப்பு, களவு, சேதம் எது நேர்ந்தாலும் தவணைகள் தொடர்ந்து செலுத்தப்பட வேண்டும். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. உங்கள் தாளில் அந்த வரி இருக்கிறதா, எப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். இலங்கையில் வாடகைக் கொள்வனவுக்கென்று 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இருக்கிறது. தொகை பெரிதென்றால் தாளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது செலவல்ல.

கடனட்டையில் தவணை போட்டிருந்தால் கடைக்குப் போய்ப் பிரயோசனமே இல்லை. வங்கி முதல் நாளே கடைக்கு முழுக் காசையும் கொடுத்துவிட்டது. உங்கள் கடன் வங்கியோடு. வட்டியில்லாத் தவணை என்பதெல்லாம் ஒழுங்காகக் கட்டும்வரைதான். மாதத்துக்குரியதைக் கட்டாமல் விட்டால் கடனட்டைக்குரிய வட்டியும் தாமதக் கட்டணமும் சேரும். ஒன்று மட்டும் விசாரியுங்கள்: சில அட்டைகளில் வாங்கிய பொருளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குக் காப்பு இருக்கும். அட்டையோடு தந்த கையேட்டை யாரும் வாசிப்பதில்லை. இந்த முறை வாசியுங்கள்.

இணைப்பு நிறுவனமே போனையும் சேர்த்துத் தந்திருந்தால், பில்லில் வாடகை எவ்வளவு, கருவிக்கான தவணை எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சில வேளை மிச்ச மாதங்கள் முழுக்கக் கட்டுவதைவிட முடித்துவிடுவது மலிவாக வரும், சில வேளை தலைகீழாக இருக்கும். கணக்குப் போடாமல் சொல்ல முடியாது.

மூன்றாவது முடிச்சு காப்புறுதி. "எனக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். போன் வாங்கிய அன்று வைத்த ஐந்தாறு கையெழுத்தில் ஒன்று அதற்காக இருந்திருக்கலாம், மாதத் தவணையிலேயே சிறு தொகை அதற்குப் போய்க்கொண்டிருக்கலாம். இருந்தால் பார்க்க வேண்டியவை: எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கவனமில்லாமல் வைத்த இடத்தில் போனால் தருவார்களா, பிக்பொக்கட் களவு சேருமா, முதல் எவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு.

கட்டுவதை நிறுத்தாமல் கேட்பது

கோபத்தில் தவணையை நிறுத்துவதுதான் இயல்பாக வரும் யோசனை. நான் ஒரு மாதம் நிறுத்தினேன். பதினைந்தாம் நாள் என் மச்சானுக்கு அழைப்புப் போயிருக்கிறது. அவர்தான் எனக்குப் பிணை நின்றவர், பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பு நேரத்தில் மூன்று தரம் எடுத்திருக்கிறார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையிலேயே போய்க் கட்டினேன்.

அது குடும்பத்துக்குள் வரும் விளைவு. வெளியே வரும் விளைவு கிரிப். கொடுகடன் தகவல் பணியகத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். கடன் வங்கியோடு அல்லது நிதி நிறுவனத்தோடு என்றால் நிலுவை அங்கே பதிவாகும். நாளை வீட்டுக்கடனுக்கோ மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கோ போகும்போது ஒரு பழைய போன் வந்து குறுக்கே நிற்கும்.

ஆகவே கட்டிக்கொண்டே கேளுங்கள், வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். நான் எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மேற்படி இலக்க ஒப்பந்தத்தின் கீழ் நான் பெற்ற போன், இன்ன திகதி இன்ன நேரம் களவு போனது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. எனது பொறுப்பை நான் மறுக்கவில்லை. இன்றைய திகதியில் நான் செலுத்த வேண்டிய மிகுதியை முதல், வட்டி, ஏனைய கட்டணங்கள் எனப் பிரித்துத் தருமாறும், மிகுதியை நீண்ட காலத்துக்குப் பிரித்துச் செலுத்தவோ, ஒரே தடவையில் செலுத்தினால் மிச்ச வட்டியைத் தள்ளுபடி செய்யவோ இணங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

"பொறுப்பை மறுக்கவில்லை" என்ற வரி வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் நிலையில் அது உதவியது. ஏமாற்ற வந்தவன் இல்லை என்று தெரிந்ததும் மேலாளர் இருக்கச் சொல்லிப் பேசினார். ஆனால் பில்லிலோ ஒப்பந்தத்திலோ பிழை இருப்பதாக நீங்கள் நினைத்தால் அந்த வரியை எழுதாதீர்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் முத்திரை வாங்கலாம். எனக்கு 96,000இல் ஒரு ரூபாவும் குறைக்கவில்லை. எட்டு மாதத்தைப் பன்னிரண்டாக்கி, மாதம் 8,000 என்று மாற்றித் தந்தார்கள். தாமதக் கட்டணத்தையும் விட்டார்கள். சம்பளக்காரனுக்கு 4,000 வித்தியாசம் சின்னது இல்லை.

ஒன்றில் கவனம். "புதுப் போன் ஒன்று தாறம், பழைய மிகுதியையும் அதோட சேர்த்துக் கட்டுங்கோ" என்று ஒரு சலுகை வரும். கேட்க இனிக்கும். கூட்டிப் பார்த்தால் இரண்டு போனின் விலை, இன்னும் இரண்டு வருடக் கட்டு, புதுப் பிணை.

யாரிடம் முறையிடுவது

பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நியாயமில்லை என்றால், எந்த முடிச்சில் பிரச்சினையோ அதற்குரிய கதவைத் தட்டுங்கள்.

நிறுத்தச் சொன்ன பிறகும் பில் ஏறியது, சிம் தர மறுத்தது போன்ற இணைப்புப் பிரச்சினைகள் கொழும்பில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு உரியவை. இது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1996இல் வந்த திருத்தத்தின் கீழ் அமைந்தது, தொலைபேசி இலக்கம் 1900. நிறுவனத்திடம் முதலில் முறையிட்ட ஆதாரத்தோடு போனால்தான் வேலை நடக்கும். கடையோடு பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, இலக்கம் 1977. அவர்களின் சட்டத்தில் எழுத்து முறைப்பாட்டுக்கு வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதக் கெடு இருக்கிறது, ஆகவே ஆறப்போடாதீர்கள். வங்கியோ நிதி நிறுவனமோ என்றால் மத்திய வங்கியின் 1935. கடை வழக்குப் போடுவதாகக் கடிதம் அனுப்பினால் பயந்து ஒளிய வேண்டாம். சிறு தொகைப் பிணக்குகள் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் வரும். அங்கே சட்டத்தரணி இல்லாமல் நீங்களே தமிழில் பேசலாம்.

கனடாவில், லண்டனில் இருந்து வந்தவர்களுக்கு

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்தக் காலத்தில் வந்து நிற்கும் உறவினர் போனைப் பறிகொடுத்தால் ஒப்பந்தம் அங்கே, களவு இங்கே. பொலிஸ் முறைப்பாட்டை இங்கேயே போட்டு, பிரதியையும் இங்கேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே போன பிறகு கேட்டால் இங்கே இருக்கும் ஒருவர்தான் நாலு தரம் அலைய வேண்டி வரும். பயணக் காப்புறுதி ஆங்கிலத்தில் கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றலாம்.

கனடாவில் இதற்கு எழுதிவைத்த விதியே உண்டு. 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வயர்லெஸ் கோட் (Wireless Code) என்ற கைபேசிச் சேவை விதிக்கோவையின்படி, களவு போனதை அறிவித்ததும் நிறுவனம் கட்டணமில்லாமல் சேவையை நிறுத்திவைக்க வேண்டும். அறிவிக்கும்வரை ஏறிய செலவு வாடிக்கையாளருக்கு. அதன் பிறகு ஒப்பந்தத்தைத் தொடர்ந்தால் குறைந்தபட்ச மாதக் கட்டணம், முறித்தால் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம். அந்தக் கட்டணம் மாதத்துக்கு மாதம் குறைந்து, 24 மாதத்தில் இல்லாமல் போய்விடும். ஆகவே ஒப்பந்தத்தில் எத்தனையாவது மாதத்தில் நிற்கிறார் என்று பார்த்துத்தான் முறிப்பதா தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே காலைப் பூசையில் களவு போனால் அங்கே முந்தின நாள் இரவு. "விடிஞ்ச பிறகு எடுப்பம்" என்று இருக்காமல், அங்குள்ள பிள்ளைகளை எழுப்பி இணையத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தைத் தடைப்பட்டியலில் போட்டால் இங்கே அந்தப் போன் உடனே செத்துவிடும் என்று இல்லை. ஆகவே இங்குள்ள முறைப்பாடும் வேண்டும்.

போன் திரும்பக் கிடைத்தால்

கிடைக்கிறது, சில பேருக்கு. ஆனால் பொலிஸ் கூப்பிட்டதும் போய்க் கையில் வாங்கிக்கொண்டு வருவதுபோல் இருக்காது. ஆளும் பிடிபட்டு வழக்கானால் போன் சான்றுப் பொருளாக நீதிமன்றத்துக்குப் போகும். அது உங்களுடையது என்று காட்டி, நீதவானின் கட்டளையோடு விடுவித்து எடுக்க வேண்டும். அன்றைக்கும் கேட்பது அதே பில், அதே பெட்டி, அதே 15 இலக்கம்.

மற்றது, கடைசித் தவணை கட்டியதும் ரசீதோடு மட்டும் வந்துவிடாதீர்கள். கணக்கு முடிந்தது என்று ஒரு கடிதம் வாங்கி, பிணை நின்றவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நான் மச்சானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்துவிட்டு, நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.